இரண்டு மஞ்சள் குளிசைகள்

அரச வைத்தியசாலை ஒன்றின் மருந்தகத்தில் முப்பத்தொரு வருடம் வேலை செய்து ஓய்வுபெற்றவன் நான். மூட்டுவாதக் கிளினிக் நடக்கும் நாட்களில் எங்கள் யன்னலுக்கு வரும் துண்டுகளில் இரண்டு மருந்துகள் சோடியாகவே எழுதப்பட்டிருக்கும். ஒன்று மெதோட்றெக்சேற். கிழமையில் ஒரேயொரு நாள் மட்டும் போட வேண்டியது. மற்றது போலிக் அசிட். அந்த நாளைத் தவிர்த்து வேறு நாளில் போட வேண்டியது. இரண்டும் சின்னஞ்சிறிய மஞ்சள் குளிசைகள். மூக்குக் கண்ணாடியை மறந்து வந்த ஒருவருக்கு இரண்டுக்கும் வித்தியாசம் தெரியாது. மாறிப்போய் மெதோட்றெக்சேற்றைத் தினமும் போட்டால் எலும்பு மச்சை செயலிழந்து ஆளே போய்விடலாம். அதனால் உறையின் மேல் சிவப்புப் பேனாவால் கிழமையின் பெயரைப் பெரிதாக எழுதி, அடியில் கோடும் போட்டுத்தான் கொடுப்பேன்.

ஒருமுறை வயதான அம்மா ஒருவர், ஒரே கையால் இரண்டையும் தருகிறீர்களே, இது எதற்கு, அது எதற்கு என்று கேட்டார். ஒன்று விற்றமின், மற்றது அந்த விற்றமினின் எதிரி என்றேன். எதிரியையும் தந்து ஆளையும் தருவது என்ன வைத்தியம் என்று சிரித்துவிட்டுப் போனார். அவருக்கு நான் சொல்லாமல் விட்டது, அந்த விற்றமினும் அதன் எதிரியும் ஒரே ஆய்வுகூடத்தில், ஒரே மனிதரின் தலைமையில் உருவானவை என்பதை. அந்த மனிதர் சென்னையில் வைத்தியம் படித்தவர். பெயர் யெல்லாப்பிரகட சுப்பாராவ்.

இப்போது அவரைப் பற்றி எழுத உட்கார்ந்ததற்கு என் தங்கைதான் காரணம். சென்ற வருடம் அவளுடைய பெருங்குடலில் இருந்து இரண்டு முளைகளை வெட்டி எடுத்தார்கள். பரிசோதனையில் புற்றுநோய் இல்லை என்று வந்தது. ஆனால் அந்த வகை முளைகளில் சில வருடங்கள் கழித்துப் புற்றாக மாறுபவையும் உண்டு என்று சொல்லி, மறுபடி வந்து காட்டச் சொன்னார்கள். செய்தி கனடாவில் இருக்கும் மகனுக்குப் போனது. அடுத்த மாதமே ஊருக்கு வந்த யாரோ ஒருவரின் பெட்டியில் மூன்று பெரிய விற்றமின் போத்தல்கள் வந்து சேர்ந்தன. புற்றுநோய் வராமல் தடுக்குமாம். மூன்றையும் தினமும் போடலாமா என்று தங்கை கேட்டாள். சுப்பாராவின் கதையைச் சொல்லாமல் இந்தக் கேள்விக்குப் பதில் சொல்ல முடியும் என்று எனக்குத் தோன்றவில்லை.

சுப்பாராவ் 1895 ஜனவரி 12 இல், அன்றைய சென்னை மாகாணத்தில் கோதாவரிப் பக்கம் பீமாவரத்தில் பிறந்தவர். தெலுங்குக் குடும்பம். வறுமை. சிறுவயதில் வீட்டைவிட்டு ஓடிக் காசிக்குப் போய், யாத்திரிகர்களுக்கு வாழைப்பழம் விற்றுப் பணக்காரனாகலாம் என்று புறப்பட்டவரைத் தாய் பிடித்துக் கொண்டுவந்து பள்ளிக்கூடத்தில் மீண்டும் இருத்தினார். மெற்றிக்குலேசன் பரீட்சையில் இரண்டு தடவை கோட்டைவிட்டு, மூன்றாவது தடவை திருவல்லிக்கேணி இந்து உயர்நிலைப் பள்ளியில் இருந்து சித்தியடைந்தார். பிறகு மாநிலக் கல்லூரி. இடையில் இராமகிருஷ்ண மிசனில் சேர்ந்து துறவியாகும் ஆசை வந்தது. தாய் விடவில்லை. சென்னை மருத்துவக் கல்லூரிக்குப் போனார்.

அங்கே காந்தியின் அழைப்பைக் கேட்டுக் கதர் உடுக்கத் தொடங்கினார். சத்திரசிகிச்சை வகுப்புக்கும் கதர் அங்கியோடு போனது ஆங்கிலேயப் பேராசிரியருக்குப் பிடிக்கவில்லை. எழுத்துப் பரீட்சைகளில் நன்றாகச் செய்தும் எம்.பி.பி.எஸ். பட்டம் கிடைக்காமல், தரம் குறைந்த எல்.எம்.எஸ். சான்றிதழோடு வெளியே வந்தார். அந்தத் துணியின் விலையை அவர் வாழ்நாள் முழுக்கக் கட்டினார் என்றே சொல்ல வேண்டும். அமெரிக்காவிலும் அந்தச் சான்றிதழ் அவருக்குப் பெரிதாகக் கைகொடுக்கவில்லை.

படிக்கும் காலத்தில் வீட்டில் பெரிய இடி விழுந்தது. சகோதரர்கள் இருவர் சில நாள் இடைவெளியில் அடுத்தடுத்து இறந்தார்கள். நோய் ஸ்புரூ. குடல் உணவின் சத்தை உறிஞ்ச மாட்டாமல், ஓயாத வயிற்றோட்டத்தில் உடல் உருகி, இரத்தம் வெளிறிப்போகும் வெப்பவலய நோய் அது. அப்போது அதற்கு மருந்து இல்லை. சுப்பாராவுக்கும் அது வந்தது. ஆயுர்வேத வைத்தியர் ஆசண்ட லட்சுமிபதியின் சிகிச்சையில் பிழைத்தார். பின்னர் அவருடைய ஆயுர்வேதக் கல்லூரியிலேயே உடற்கூற்றியல் விரிவுரையாளராகவும் இருந்தார். சகோதரர்களைக் கொன்ற நோய்க்கு விடை தேட வேண்டும் என்ற எண்ணம் அங்கேதான் முளைத்திருக்க வேண்டும்.

1919 இல் சேஷகிரியைத் திருமணம் செய்தார். மாமனாரின் பணமும் காக்கிநாடாவில் இருந்த தர்ம நிதி ஒன்றின் உதவியும் சேர்ந்துதான் கப்பல் ஏற முடிந்தது. மூன்று வருடத்தில் திரும்பிவிடுவேன் என்று மனைவியிடம் சொல்லிவிட்டுப் போனார். அவர் அப்போது கர்ப்பிணி. பிறந்த ஆண்குழந்தை தகப்பனைக் காணாமலே கைக்குழந்தையாக இறந்துபோனது. சுப்பாராவ் திரும்பி வரவே இல்லை. கணவனும் மனைவியும் பிறகு ஒருவரையொருவர் பார்க்கவில்லை. வெளிநாட்டுக்குப் போன ஆட்களுக்காகக் காத்திருந்து வயதுபோன பெண்களை எங்கள் ஊர்களில் நிறையப் பார்த்திருக்கிறேன். அதனால் இவரைப் பற்றிய புகழ்மாலைகளை வாசிக்கும்போதெல்லாம் எனக்கு முதலில் நினைவுக்கு வருவது சேஷகிரிதான்.

1922 ஒக்ரோபர் 26 இல் பொஸ்டன் போய் இறங்கினார். ஹார்வட் வெப்பவலய மருத்துவக் கல்லூரியில் இடம் இருந்தது, சாப்பாட்டுக்குக் காசு இல்லை. வைத்தியசாலை ஒன்றில் இரவு நேரத்தில் நோயாளரின் மலசலச் சட்டிகளைக் கழுவும் வேலை செய்து படித்தார். பிறகு சைரஸ் ஃபிஸ்க் என்பவரின் உயிர் இரசாயனவியல் ஆய்வுகூடத்தில் சேர்ந்தார். குருதியிலும் சிறுநீரிலும் பொசுபரசை அளக்க இருவரும் சேர்ந்து கண்டுபிடித்து 1925 இல் வெளியிட்ட முறை உயிர் இரசாயனவியல் மாணவர்களுக்கு ஃபிஸ்க் - சுப்பாராவ் முறை என்று தெரியும். தசை இயங்கச் சக்தி தரும் பொசுபோகிரியாற்றினை 1927 இலும், உயிர்க்கலங்களின் சக்தி நாணயமான ஏ.ரி.பி.யை 1929 இலும் வெளியிட்டார்கள். ஏ.ரி.பி.யை அதே வருடம் ஜேர்மனியில் லோமானும் தனியாகக் கண்டுபிடித்தார். சுப்பாராவுக்கு 1930 இல் கலாநிதிப் பட்டம் கிடைத்தது. நிரந்தரப் பதவி கிடைக்கவில்லை. 1988 இல் நொபெல் பரிசு பெற்ற ஜோர்ஜ் ஹிச்சிங்ஸ் அந்தக் காலத்தில் அதே ஆய்வுகூடத்தில் இருந்தவர். சுப்பாராவ் பிரித்தெடுத்த சில சேர்வைகளை ஃபிஸ்க் வெளியே வரவிடாததால், பல வருடம் கழித்து மற்றவர்கள் அவற்றை மறுபடி கண்டுபிடிக்க வேண்டியிருந்தது என்று பின்னாளில் சொன்னவர் அவர்தான்.

இதற்கிடையில் இந்தியாவில் வேறொருவர் ஸ்புரூவுக்கு உறவான ஒரு நோயைத் துரத்திக்கொண்டிருந்தார். லூசி வில்ஸ் என்ற ஆங்கிலேயப் பெண் வைத்தியர், பம்பாய் ஆலைத் தொழிலாளர் குடும்பங்களில் கர்ப்பிணிகளைப் பிடித்த கடும் குருதிச்சோகையை ஆராய்ந்தார். ஈரலும், மதுவ நொதியத்தில் இருந்து செய்யும் மார்மைற்றும் அதைக் குணப்படுத்துவதை 1931 இல் எழுதினார். மார்மைற் எங்களுக்குப் புதிதல்ல. 1934 - 35 மலேரியாக் கொள்ளைநோயின்போது சூரியமல் இயக்கத்தினர் கிராமம் கிராமமாகப் போய்ப் பட்டினி கிடந்தவர்களுக்கு அதைத்தான் கொடுத்தார்கள். அதற்குள் இருந்த பொருளை அன்று யாருக்கும் தெரியாது. 1941 இல் அமெரிக்காவின் ரெக்சாசில் நான்கு தொன் பசளிக் கீரையைப் பிழிந்து ஒரு சிறு துளி பிரித்தெடுத்து, இலை என்று பொருள்படும் இலத்தீன் சொல்லில் இருந்து போலிக் அசிட் என்று பெயர் வைத்தார்கள்.

ஹார்வட்டில் இனி இருந்து பயனில்லை என்று கண்ட சுப்பாராவ் 1940 இல் நியூயோர்க் மாநிலத்தின் பேர்ல் ரிவரில் இருந்த லெடர்லி மருந்துக் கம்பனிக்குப் போனார். சில வருடங்களில் அங்கே ஆராய்ச்சிப் பணிப்பாளரானார். அவருடைய குழு போலிக் அமிலத்தை ஈரலில் இருந்து பிரித்து, அதன் அமைப்பைக் கண்டுபிடித்து, 1945 இல் செயற்கையாகச் செய்தும் காட்டியது. தொன் கணக்கில் கீரை பிழிந்த காலம் முடிந்தது. அந்த மருந்தை ஸ்புரூ நோயாளருக்குக் கொடுத்தபோது, படுக்கையில் கிடந்தவர்கள் எழுந்து சாப்பிட்டார்கள். சகோதரர்கள் இறந்து ஏறத்தாழ இருபத்தைந்து வருடத்தின் பின்.

இதோடு கதை முடிந்திருந்தால் அவர் ஒரு விற்றமின் விஞ்ஞானியாக மட்டும் இருந்திருப்பார். நியூயோர்க்கில் வேறொரு குழு, போலிக் அமிலம் என்று நினைத்துக் கொடுத்த ஒரு சேர்வை எலிகளின் மார்புக் கட்டிகளைச் சுருக்குகிறது என்று அறிவித்தது. விற்றமினால் புற்றுநோய் குணமாகும் என்ற நம்பிக்கை, இன்று போத்தல்களில் விற்கப்படும் அதே நம்பிக்கை, அப்போதே கிளம்பிவிட்டது. அந்த உறவுச் சேர்வைகளை லெடர்லி செய்து கொடுத்தது. அதில் ஒன்று ரெரொப்ரெறின். அமெரிக்கா முழுக்க அறிந்த பேஸ்போல் வீரர் பேப் ரூத், தொண்டைப் பக்கப் புற்றுநோய்க்கு 1947 இல் அதை ஏற்றுக்கொண்டவர். சில வாரம் தெம்பு வந்தது. அடுத்த வருடம் இறந்தார்.

பொஸ்டன் சிறுவர் வைத்தியசாலையில் நோயியல் வைத்தியர் சிட்னி ஃபார்பர், அதே சேர்வைகளைக் குருதிப் புற்றுநோய்ப் பிள்ளைகளுக்குக் கொடுத்துப் பார்த்தார். நோய் குறையவில்லை. எலும்பு மச்சையில் புற்றுக் கலங்கள் இன்னும் வேகமாகப் பெருகியதாக அவருக்குத் தெரிந்தது. காரணம் பின்னோக்கிப் பார்த்தால் எளிது. கலம் ஒன்று இரண்டாகப் பிரிய டி.என்.ஏ.யை நகலெடுக்க வேண்டும். அந்த எழுத்துகளைச் செய்ய போலேற் வேண்டும். குருதி செய்யும் கலத்துக்கு அது தீனி என்றால், கட்டுமீறிப் பிரியும் கலத்துக்கும் அது தீனிதான். விற்றமினுக்கு நல்ல கலம், கெட்ட கலம் என்று தெரியாது.

ஃபார்பர் தலைகீழாக யோசித்தார். தீனி நோயை வளர்க்குமானால், தீனியை மறித்தால்? அவர் கேட்டதைக் கொடுக்கக்கூடிய இடம் சுப்பாராவின் ஆய்வுகூடம். அவருடைய இரசாயனவியலாளர்கள் போலிக் அமிலத்தின் மூலக்கூறில் ஓரிடத்தை மாற்றி, உருவத்தில் அதைப்போலவே இருந்து கலத்தை ஏமாற்றும் பொருட்களைச் செய்துகொண்டிருந்தார்கள். பூட்டுக்குள் போகும், திருகாது, உள்ளே இறுகிவிடும் திறப்பு மாதிரி. அமினோப்ரெறின் என்ற அப்படியொரு பொருளை 1947 இறுதியில் ஃபார்பர் கொடுக்கத் தொடங்கினார். 1948 ஜூனில் வெளிவந்த அறிக்கையில் 16 பிள்ளைகளில் 10 பேருக்கு நோய் தற்காலிகமாகப் பின்வாங்கியதாக எழுதினார். சில மாதங்கள்தான். ஆனால் அதுவரை அந்த நோய்க்கு ஒரு நாள்கூட யாரும் வாங்கிக் கொடுத்ததில்லை. அதே ஆய்வுகூடத்தில் செய்த நெருங்கிய உறவுதான் மெதோட்றெக்சேற். 1956 இல் நஞ்சுக்கொடிப் புற்று ஒன்றை மருந்தால் மட்டுமே முற்றாகக் குணப்படுத்த முடிந்தது அதனால்தான். இன்று மகரகமவில் குருதிப் புற்றுநோய்க்குச் சிகிச்சை பெறும் பிள்ளைக்கும் அது கொடுக்கப்படுகிறது. மிகக் குறைந்த அளவில் மூட்டுவாதத்துக்கும். அப்போது வாய்ப்புண்ணும் குருதிக் குறைவும் வராமல் இருக்கத்தான் வேறு நாளில் போலிக் அசிட்.

சுப்பாராவ் இதன் பெருமையைக் காண இருக்கவில்லை. 1948 ஓகஸ்டில் உறக்கத்திலேயே மாரடைப்பால் இறந்தார். வயது 53. அவருடைய தலைமையில் வந்த இன்னொரு மருந்து எங்கள் நாட்டோடு நேராகத் தொடர்புடையது. யானைக்கால் நோய்க்கான டீ.ஈ.சி. குளிசை அது. மேல், தென், வடமேல் மாகாணங்களில் 2002 முதல் வருடந்தோறும் வீடு வீடாகக் கொடுத்த மருந்துகளில் ஒன்று அதுதான். 2016 இல் இலங்கை அந்த நோயைப் பொதுச் சுகாதாரப் பிரச்சினை என்ற நிலையில் இருந்து ஒழித்துவிட்டதாக உலக சுகாதார நிறுவனம் ஏற்றுக்கொண்டது. அந்தக் குளிசையை விழுங்கிய எத்தனை பேருக்கு இவருடைய பெயர் தெரியும்?

தங்கையின் போத்தல்களுக்கு வருகிறேன். ஃபார்பர் கண்டதை அப்படியே எடுத்து விற்றமின் புற்றுநோயைத் தரும் என்று சொல்வதும் பிழை. போலேற் குறைந்தால் டி.என்.ஏ.யில் பிழையான எழுத்து நுழைந்து இழைகள் உடைகின்றன. அதுவும் புற்றுக்கு வழி. அமெரிக்கத் தாதியர் 88,000க்கும் அதிகமானோரைப் பின்தொடர்ந்து 1998 இல் வெளிவந்த ஆய்வில், போலிக் அமிலம் அடங்கிய விற்றமின் குளிசையை 15 வருடத்துக்கு மேல் எடுத்தவர்களுக்குப் பெருங்குடல் புற்றுநோய் மிகக் குறைவாகவே வந்திருந்தது. அப்படியானவர்கள் பொதுவாகவே உடம்பைக் கவனிப்பவர்கள் என்பதையும் மறக்கக் கூடாது.

ஆகவே சீட்டுக் குலுக்கிப் பிரித்து ஒரு சோதனை செய்தார்கள். குடலில் முளை எடுக்கப்பட்ட 1,021 பேர். என் தங்கையைப் போன்றவர்கள். பாதிப் பேருக்குத் தினம் 1 மில்லிகிராம் போலிக் அமிலம், மீதிப் பேருக்கு வெற்றுக் குளிசை. 2007 இல் முடிவு வந்தது. முளைகள் மறுபடி வருவது குறையவில்லை. நாள் போகப் போக, விற்றமின் எடுத்தவர்களில் மூன்றும் அதற்கு மேலும் முளைத்தவர்கள்தான் கூடுதலாக இருந்தார்கள். அதே சோதனையில் இருந்த ஆண்களில், பத்து வருடத்தில் புரொஸ்ரேற் புற்றுநோய் வரும் சாத்தியம் விற்றமின் எடுத்தவர்களுக்கு 9.7 வீதம், எடுக்காதவர்களுக்கு 3.3 வீதம் என்று 2009 இல் கணக்கிட்டார்கள். உலகம் கொஞ்சம் பயந்தது. பிறகு 13 சோதனைகளை, ஏறத்தாழ 50,000 பேரை ஒன்றாகச் சேர்த்து 2013 இல் பார்த்தபோது, சுமார் ஐந்து வருடம் எடுத்ததில் புற்றுநோய் குறிப்பிடத்தக்க அளவில் கூடவும் இல்லை, குறையவும் இல்லை. நான் இதை இப்படித்தான் வாசிக்கிறேன்: குறைபாடு உள்ளவருக்கு நிரப்புவது ஒரு விசயம். நிரம்பிய பானைக்குள் மேலும் ஊற்றுவது வேறு விசயம். அதுவும், உள்ளே ஏற்கனவே ஏதோ முளைவிட்டிருக்கும் உடம்பில்.

மூன்று போத்தல்களின் ஒட்டுத்தாள்களையும் வாசித்துக் கூட்டிப் பார்த்தேன். மூன்றையும் போட்டால் ஒரு நாளைக்கு 1,400 மைக்ரோகிராம் போலிக் அமிலம். வளர்ந்த ஒருவருக்குத் தேவை 400. குளிசையாக எடுப்பதற்கு அமெரிக்காவில் வைத்திருக்கும் மேல் எல்லை 1,000. கீரைக்கும் பயறுக்கும் அப்படி எல்லை இல்லை. கீரையைக் கன நேரம் அவித்துத் தண்ணீரை ஊற்றிவிட்டால் போலேற் அதோடு போய்விடும் என்பதைத்தான் சொல்ல வேண்டும். போத்தல்களை எடுத்துக்கொண்டு போய்க் கிளினிக்கில் காட்டும்படி தங்கையிடம் சொன்னேன். குருதியில் குறைவில்லை, இவை வேண்டாம் என்று அங்கே சொன்னார்கள். மகனுக்குக் கோபம். காசு கொடுத்து வாங்கி அனுப்பியதை மாமா மறித்துவிட்டார் என்று இரண்டு கிழமை என்னோடு பேசவில்லை.

ஆனால் அதோடு வேலை முடியவில்லை. தங்கையின் மகளுக்குத் தை மாதம்தான் கலியாணம் நடந்தது. போன கிழமை குடும்ப நல உத்தியோகத்தர் வீட்டுக்கு வந்து, பிள்ளை தங்குவதற்கு முன்பே போடத் தொடங்கும்படி போலிக் அசிட் குளிசைகளைக் கொடுத்துவிட்டுப் போயிருக்கிறார். கருவின் முள்ளந்தண்டு முதல் நான்கு கிழமையிலேயே மூடிவிடும். தான் கர்ப்பம் என்று பல பெண்களுக்குத் தெரியும் முன்பே. 1991 இல் வந்த பிரித்தானியச் சோதனையில், அந்தக் குறைபாடுள்ள பிள்ளையை முன்பு பெற்ற தாய்மாருக்கு அது மறுபடி வருவதை இந்தக் குளிசை 72 வீதத்தால் குறைத்தது. தங்கையோ, அண்ணாவே புற்றுநோய் வரும் என்று சொன்னது என்று அந்தக் குளிசைகளை எடுத்து அலுமாரிக்குள் பூட்டிவிட்டாள்.

நான் போய் அலுமாரித் திறப்பைக் கேட்டு வாங்கினேன். மருமகளை முன்னால் இருத்தி, சுப்பாராவின் கதையை மறுபடி பீமாவரத்தில் இருந்து தொடங்கிச் சொன்னேன். சேஷகிரி கப்பலைப் பார்த்துக்கொண்டு நின்ற இடத்தில் அவள் தாயும் வந்து உட்கார்ந்துகொண்டாள். கதை முடிய முன்பே அவள் எழும்பித் தண்ணீர் எடுத்து வந்து, அன்றைய குளிசையைப் போட்டாள்.